பெட்டி பாடாது, பிறகு எதற்கு அது?

வானொலியில் அறிவிப்பாளர் பேசத் தொடங்கியதும், பின்னால் ஒலிக்கும் பாட்டு தானாகத் தணிந்து வழிவிடுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். மின்னல் எப்.எம். ஆனாலும் சரி, நீரிணைக்கு அப்பாலிருந்து ஜொகூர் பாருவுக்குத் தெளிவாகக் கேட்கும் சிங்கப்பூர் ஒலி 96.8 ஆனாலும் சரி, இது அன்றாடம் நடப்பதுதான். பேச்சு முடிந்ததும் பாட்டு மறுபடியும் எழும்பி வரும். பாட்டுக்கு என்ன, அத்தனை மரியாதை தெரியுமா? இல்லை. அங்கே ஒருவர் விரல் நுனியால் ஒரு சிறு கட்டையைக் கீழே இழுக்கிறார். பிறகு மேலே தள்ளுகிறார். ஒலிப்பதிவுக்காரர்கள் அந்தக் கட்டையைப் 'பேடர்' என்பார்கள்.

அப்படிப்பட்ட பேடர்களை வரிசையாகப் பதித்த பலகை ஒன்றைத்தான் இன்று உங்கள் வீட்டுப் பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறான். மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு உருமி மேளக் குழுவின் பாட்டையும், தீமிதித் திருவிழாவுக்கான அம்மன் பாட்டையும் பதிவு செய்கிறானே, அவன்தான். ஆங்கிலத்தில் அதற்குக் 'கண்ட்ரோல் சர்பேஸ்' என்று பெயர். நாம் 'பேடர் பலகை' என்று சொல்லிக்கொள்வோம்.

"ஏண்டா தம்பி, இந்தப் பெட்டி பாடுமா?"

"பாடாதும்மா."

"சத்தமாவது வருமா?"

"சத்தமும் வராது."

"அப்புறம் எதுக்குடா இவ்வளவு வெள்ளி?"

நியாயமான கேள்வி! அந்தத் தாய்க்குப் பதில் சொல்லும் பொறுப்பை இந்தக் கட்டுரை ஏற்றுக்கொள்கிறது.

பாட்டியின் குரல்

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். குளுவாங் பக்கமோ, லாபிஸ் பக்கமோ ஒரு தோட்டம். அங்கே நாற்பது வருடம் பால் வெட்டிய ஒரு பாட்டி இருக்கிறார். அவருக்குத் தாலாட்டு தெரியும், கும்மி தெரியும், ஒப்பாரி தெரியும். அவருடைய தாயார் கப்பலேறி வந்தபோது மூட்டையோடு கொண்டு வந்த பாட்டுகள் அவை. எழுதி வைத்தவர் யாருமில்லை. பால்மரக் காடுகள் செம்பனையாக மாறின. செம்பனையும் பல இடங்களில் வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. தென் ஜொகூரில் 2006-ஆம் ஆண்டு இஸ்கந்தர் வளர்ச்சித் திட்டம் வந்த பிறகு நகரம் இன்னும் விரைவாகத் தோட்டங்களை நோக்கி நடந்தது. லயத்தில் இருந்தவர்கள் அடுக்குமாடிக்குப் போனார்கள். நாலு பேர் கூடிக் கும்மியடித்த வாசல், மாடி வீட்டில் ஏது?

ஆகவே பேரன் பாட்டியின் குரலைப் பதிவு செய்ய உட்கார்வது விளையாட்டுக் காரியமில்லை. இந்த வருடம் விட்டால் அடுத்த வருடம் அந்தக் குரல் கிடைக்குமா என்பது யாருக்குத் தெரியும்?

பாட்டி என்ன, மைக்குக்கு முன் நின்று பழகிய பாடகியா? முதல் அடியை ஓங்கி எடுப்பார். அடியின் முடிவில் மூச்சுத் தேய்ந்து குரல் உள்ளே போய்விடும். நடுவில் கொள்ளுப் பேத்தி அழுதால் முகத்தைத் திருப்புவார். குரலும் கூடவே திரும்பிவிடும். ஒப்பாரியில் கடைசிச் சொல் பாதி விம்மல், பாதி காற்று. இந்தப் பாட்டுக்குப் பின்னால் தப்போ தபேலாவோ சேர்த்துப் பாருங்கள். ஓங்கிய இடத்தில் பாட்டி மேளத்தை மிஞ்சுவார். தேய்ந்த இடத்தில் மேளம் பாட்டியை விழுங்கிவிடும். உயிரான சொல்லெல்லாம் அந்தத் தேய்ந்த இடத்தில்தான் இருக்கும்!

இதைச் சரி செய்ய, பாட்டு ஓட ஓட, தேயும் இடத்தில் குரலைச் சற்றே தூக்கிக் கொடுக்க வேண்டும். ஓங்கும் இடத்தில் சற்றே இறக்க வேண்டும். எலியை வைத்தும் (கணினி எலியைச் சொல்கிறேன்!) இதைச் செய்யலாம். திரையில் ஒரு கோடு தெரியும். அதில் புள்ளி புள்ளியாக வைத்து மேலும் கீழும் வளைக்க வேண்டும். மூன்று நிமிடப் பாட்டுக்கு நூறு புள்ளி வைத்தாலும் வியப்பில்லை. அப்படி வைக்கும்போது பையன் என்ன செய்கிறான்? கோட்டைப் பார்க்கிறான். கண் வேலை செய்யச் செய்யக் காது தூங்கிவிடுகிறது. கோடு அழகாக இருக்கும். பாட்டு அழகாக இருக்குமா என்பது வேறு விஷயம்.

பேடரில் விரலை வைத்தால் கண்ணுக்கு அங்கே வேலையில்லை. கண்ணை மூடிக்கொண்டே கேட்கலாம். பாட்டியின் மூச்சு இறங்கும்போது விரல் தானாக ஏறும். எலியால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பிடிக்க முடியும். இங்கேயோ இடது கை மேளத்தைத் தணிக்க, வலது கை குரலைத் தூக்க, இரண்டும் ஒரே கணத்தில் நடக்கும்.

பால் வெட்டியவர்களுக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. கத்தி ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். மேலோடு போனால் மங்கில் பால் விழாது. விடியாத இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், அளவுகோல் வைத்தா வெட்டினீர்கள்? கைக்குத் தெரிந்தது. அந்த மாதிரிக் கைப்பழக்கத்துக்கு இடம் கொடுக்கும் கருவிதான் இது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

பலகைக்கும் கணினிக்கும் இடையே பாட்டு ஓடுவதில்லை, எண்கள்தான் ஓடுகின்றன. 1983-இல் அமெரிக்காவின் டேவ் ஸ்மித், ஜப்பானின் ரோலண்ட் நிறுவனத்தை நிறுவிய இகுதாரோ காகேஹாஷி ஆகியோரின் முயற்சியால் 'மிடி' என்ற பொது மொழி பிறந்தது. வெவ்வேறு கம்பெனிகளின் இசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள உண்டான மொழி அது. இருவருக்கும் 2013-இல் அமெரிக்காவின் கிராமி தொழில்நுட்ப விருது கிடைத்தது. நீங்கள் கட்டையைத் தள்ளினால், 'இத்தனையாவது பேடர், இத்தனையாவது படியில் நிற்கிறது' என்ற செய்திதான் மிடி வழியாகக் கணினிக்குப் போகிறது. சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் கணினியின் வேலை.

சாதாரண மிடிச் செய்தியில் 0 முதல் 127 வரை 128 படிகள்தான் உண்டு. பாட்டு மெல்ல மெல்லக் கரைந்து முடியும் இடத்தில் இந்தப் படிகள் காதில் தட்டக்கூடும். அதனால் 'மேக்கி கண்ட்ரோல்' என்ற முறையைப் பின்பற்றும் பலகைகள், 16,384 படிகளுக்கு இடமுள்ள வேறொரு செய்தி வகையைப் பேடருக்குப் பயன்படுத்துகின்றன. வாங்கும்போது இந்தப் பெயர் அட்டைப் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். அநேகமாக எல்லா ஒலிப்பதிவு மென்பொருளுக்கும் அந்த மொழி தெரியும்.

சில பலகைகளில் பேடர் தானாக நகரும்! முதல் முறை பார்ப்பவர்கள் பேய் தள்ளுகிறதோ என்று பயப்படலாம். உள்ளே ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு சின்ன மோட்டார் இருக்கிறது. 1970-களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் நீவ் கம்பெனி, 'நெகாம்' என்ற பெயரில் இப்படி மோட்டாரால் நகரும் பேடர்களைப் பெரிய ஒலிப்பதிவுக் கூடங்களுக்குச் செய்து கொடுத்தது. அன்று அறை நிறைய இருந்த வசதி, இன்று மடியில் வைத்துக்கொள்ளும் பலகைக்கு வந்துவிட்டது.

மோட்டார் எதற்கு, வீண் ஆடம்பரம்தானே என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். பலகையில் எட்டுப் பேடர். பாட்டிலோ குரல், கோரஸ், உருமி, தவில், ஆர்மோனியம் என்று இருபத்து நான்கு தடங்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் அதே எட்டுப் பேடரும் அடுத்த எட்டுத் தடத்துக்கு மாறிவிடும். மோட்டார் இருந்தால் கட்டைகள் அந்தந்தத் தடத்தின் அளவுக்குத் தாமே ஓடிப்போய் நிற்கும். மோட்டார் இல்லாவிட்டால் கட்டை ஓரிடத்திலும் கணினியின் அளவு வேறோரிடத்திலும் இருக்கும். அறியாமல் தொட்டீர்களோ, பாட்டியின் குரல் திடீரென்று துள்ளிக் குதித்து அலறும்! மோட்டார் இல்லாத பலகை வாங்கினால், கட்டை கணினியின் அளவைத் தொட்ட பிறகே இயங்கும்படி மென்பொருளில் ஓர் ஏற்பாடு இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

விரல் அசைவை நினைவில் வைப்பது

மென்பொருளில் நான்கு சொற்களைப் பிள்ளை தெரிந்துகொள்ள வேண்டும். 'ரீட்' என்றால், முன்பு செய்த அசைவை அப்படியே திரும்ப ஓட்டும். 'டச்' என்றால், விரல் தொட்டிருக்கும் வரை புது அசைவு பதிவாகும். விரலை எடுத்ததும் பழைய அளவுக்குத் திரும்பும். 'லேட்ச்' என்றால், விரலை எடுத்த இடத்திலேயே அளவு நின்றுவிடும். 'ரைட்' என்பது ஆபத்தானது. நீங்கள் கட்டையைத் தொடாவிட்டாலும் பழைய அசைவையெல்லாம் அழித்துக்கொண்டே போகும். புதியவர்களுக்கு 'டச்' ஒன்றே போதும். ஓரிடம் பிடிக்கவில்லையா? அந்த இடம் வரும்போது மட்டும் விரலை வைத்துத் திருத்திக்கொள்ளலாம்.

விரல் தொடுவதைத் தோலின் மின்தன்மையைக் கொண்டுதான் நல்ல பலகைகள் அறிகின்றன. கையுறை போட்டுத் தொட்டால் தெரியாது. நெய்யும் விபூதியும் ஒட்டிய கையோடு தொட்டால் கட்டையின் தடத்துக்குள் அழுக்கு இறங்கும். நம் ஊர்ப் புழுக்கத்துக்கும் தூசிக்கும், வேலை முடிந்ததும் ஒரு துணியால் மூடி வைப்பதே நல்லது.

இணைக்கும்போது பலர் தடுமாறும் இடம் ஒன்றுதான். மென்பொருளின் அமைப்புப் பகுதியில் பலகையின் பெயரை உள்வரும் வழிக்கும் வெளிச்செல்லும் வழிக்கும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். உள்வரும் வழியை மட்டும் கொடுத்தால், பேடரைத் தள்ளினால் திரையில் நகரும்; ஆனால் பேடர் தானாக நகராது. 'பெட்டி கெட்டுவிட்டது' என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுமுன் இதைப் பாருங்கள். பலகையை முதலில் முடுக்கி, பிறகு மென்பொருளைத் திறப்பதும் உதவும்.

எது முதல்?

இனிச் செலவுக் கணக்கு. ஒளிவு மறைவில்லாமல் சொல்கிறேன்: பேடர் பலகை கடைசியாக வாங்க வேண்டிய பொருள். முதலில் ஒரு நல்ல மைக், அதைக் கணினியோடு இணைக்கும் ஒலிப்பெட்டி, காதை மூடும் ஹெட்போன். மென்பொருளுக்குப் பெரும் பணம் தேவையில்லை. 'ரீப்பர்' மென்பொருளை 60 நாள் முழுமையாகச் சோதித்துப் பார்க்க விடுகிறார்கள். பழைய 'கேக்வாக்' மென்பொருளை 2018-இல் வாங்கி இலவசமாகக் கொடுத்தது, நம் அண்டை ஊரான சிங்கப்பூரின் பேண்ட்லேப் நிறுவனம். கணினியைச் சத்தமாகப் பாட வைத்த 'சவுண்ட் பிளாஸ்டர்' அட்டையும் 1989-இல் அதே சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனத்திலிருந்துதான் வந்தது. பாலத்தைக் கடந்து வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்கட்டும்.

பெரிய கூடம் இல்லையே என்ற கவலையும் வேண்டாம். 1989-இல் சென்னை கோடம்பாக்கத்தில் தம் வீட்டோடு சேர்த்து 'பஞ்சதன் ரெக்கார்ட் இன்' என்ற கூடத்தை அமைத்தவர் ஏ. ஆர். ரகுமான். 1992-இல் வெளிவந்த 'ரோஜா' படத்தின் இசை அவருக்கு இந்தியாவின் தேசிய விருதைப் பெற்றுத் தந்தது. அவருடைய பல படங்களுக்கு ஒலிக்கலவை செய்த எச். ஸ்ரீதர் 2008-இல் மறைந்தார். பாட்டைக் கேட்கும் நாம் பாடகரையும் இசையமைப்பாளரையும் சொல்லுவோம். ஒலிக்கலவை செய்தவரின் பெயரை யார் கேட்கிறோம்?

மைக்கும் ஹெட்போனும் வந்து, பிள்ளையும் பத்துப் பாட்டாவது முடித்துவிட்டானா? அப்போது பலகையைப் பற்றி யோசிக்கலாம். ஒரே ஒரு மோட்டார்ப் பேடர் கொண்ட சிறு பலகைகள் உண்டு. குரல் ஒன்றைத் தூக்கி இறக்க அதுவே போதும். ஒன்பது பேடர் உள்ள பெரிய பலகைக்கு ஆயிரம் வெள்ளிக்கு மேல் ஆகும். குழுப் பாட்டு பதிவு செய்து நாலு காசு பார்ப்பவர்களுக்கே அது பொருந்தும். செலவில்லாமல் ருசி பார்க்க, கைப்பேசியையே பேடர் பலகையாக்கும் செயலிகளும் இருக்கின்றன. கண்ணாடியில் கட்டை விரலுக்குத் தட்டுப்படாது என்பதுதான் குறை.

பாட்டியை உட்கார வைக்கும் நாளன்று தகரக் கூரையில் மழை விழாத நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். சுவரில் கம்பளியோ கனத்த துணியோ தொங்கட்டும். மொட்டைச் சுவரும் கண்ணாடியும் குரலைத் திருப்பி அடிக்கும். ஜொகூர் பாருவின் ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயில் கண்ணுக்கு எத்தனை விருந்து! ஒலிப்பதிவுக்கு மட்டும் அந்த மாதிரி இடம் ஆகாது. மோட்டார்ப் பேடரைப் பாட்டி பாடும்போது மைக் அருகில் ஓட விடாதீர்கள். அதன் 'கிர்' சத்தமும் பதிவாகிவிடும்.

இன்னொன்று. பேடரால் செய்யும் ஏற்ற இறக்கம் எல்லாம் தனியே ஒரு கோடாகத்தான் சேமிக்கப்படும்; பதிவான குரலை அது தொடுவதில்லை. பிடிக்கவில்லையென்றால் கோட்டை அழித்துவிட்டு மறுபடி செய்யலாம். பத்து வருடம் கழித்துக் கொள்ளுப் பேத்தி உட்கார்ந்து தன் காதுக்கு ஏற்றபடியும் செய்து பார்க்கலாம். அதற்கு மூலப் பதிவு இருக்க வேண்டுமே! அதை இரண்டு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். கோப்பின் பெயரில் வெறுமனே 'பாட்டு 1' என்று போடாமல், பாடியவர் பெயர், என்ன பாட்டு, எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், என்ன தேதி என்று முழுமையாக எழுதி வையுங்கள்.