மற்றொரு வைத்தியரின் கருத்து

ஒரு வைத்தியரிடம் சிகிச்சை பெறுங்கால், அந்நோயைக் குறித்து வேறொருவரை வினவுதல் முன்னவரை அவமதிப்பதாகும் என்னும் எண்ணம் நம்மவரிடையே வேரூன்றியுள்ளது. இராயபுரம் முதல் எண்ணூர் வரை தொழிற்சாலைகளை நம்பி வாழ்வோர்க்கு இவ்வெண்ணம் பெருங்கேடு விளைவிக்கக்கூடும்.

வார்ப்பட வேலையை எடுத்துக்கொள்வோம். மணலால் அச்சமைத்து, உருக்கிய இரும்பை அதில் வார்ப்பர். அச்சைத் தட்டி உடைக்கும்போது எழும் சிலிக்காத் தூசி கண்ணுக்குப் புலப்படாத அளவு நுண்ணியது. சுவாசப்பையினுள் தங்கித் தழும்புகளை உண்டாக்குவது. பெரும்பாலும் பல்லாண்டுகள் கழித்தே இருமலும் மூச்சிரைப்பும் தோன்றும். சிலிக்கோசிஸ் எனப்படும் இந்நோய் எக்ஸ்-ரே படத்தில் க்ஷயரோகம் போலவே நிழல் காட்டுதலுமுண்டு. எனவே, சளியிற் கிருமி காணப்படாதபோதும், படத்தை மட்டுங்கொண்டு மாதக்கணக்கில் க்ஷய மருந்துண்டு குணங்காணாதவர் உளர். சிலிக்கோசிஸ் உடையாரை க்ஷயம் எளிதிற் பற்றும் என்பதையும் மறத்தலாகாது. இரண்டும் ஒருவரிடத்தே கூடியிருக்கலாம். ஆதலின், மற்றொருவரைக் காணுமுன் தாமாகவே மருந்தை நிறுத்துதல் தகாது.

இங்கு வழிகாட்டுவது, "என்ன தொழில் செய்தீர்?" என்னும் கேள்வியே. கூட்டம் மிகுந்த ஆஸ்பத்திரியில் அது கேட்கப்படாமற் போகலாம்; கேளாவிடினும் நோயாளி தாமே சொல்லவேண்டும். இப்பொழுது செய்யும் வேலையை மட்டுமன்று, இருபது ஆண்டுகட்கு முன் விட்ட வேலையையுஞ் சொல்லவேண்டும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் சிலிக்கோசிஸை அரசுக்கு அறிவிக்கவேண்டிய நோய்களுள் ஒன்றாக வைத்தது. தொழிலால் வந்த நோயென உறுதிப்பட்டாலன்றி இழப்பீடு கேட்க வழியில்லை. நோயின் பெயர் பிழைபடின் உடல்நலத்தோடு குடும்பத்தின் ஜீவனமும் போம்.

தேசிய மனித உரிமை ஆணையம் வகுத்த நோயாளர் உரிமைப் பட்டயத்தை மத்திய சுகாதார அமைச்சகம் 2019-இல் மாநிலங்கட்கு அனுப்பிற்று. இரண்டாங்கருத்துப் பெறுதல் அதில் ஓர் உரிமையாகவே கூறப்பட்டுள்ளது. நோயாளி கேட்டால் சிகிச்சைக் குறிப்புகளை 72 மணி நேரத்துள் தரவேண்டுமென்பது வைத்தியர்க்கான 2002-ஆம் ஆண்டு ஒழுக்க விதி. அக்குறிப்புகளின்றிச் சென்றால் இரண்டாம் வைத்தியரும் முதலிலிருந்தே தொடங்கவேண்டியவராவார். ஐந்தாண்டுகட்கு முந்திய எக்ஸ்-ரே படம் ஒன்றிருப்பின், நிழல் வளர்ந்ததா நின்றதா என்று ஒப்பிட்டறியலாம். அத்தகைய படத்தைச் சூரிய கிரகணம் பார்க்கவென்று பிள்ளைகள் கையிற் கொடுப்பாரும் நம்மிடையே உண்டு. அது கண்ணுக்குந் தீங்கு.

இரண்டாங்கருத்துக்கு மிகுந்த பணம் வேண்டுமென்பதுமில்லை. 1782-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரத்தின் வழிவந்த ஸ்டான்லி ஆஸ்பத்திரி நமக்கு அண்மையிலேயே உள்ளது.

2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரிற் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது போன்ற வேளைகளில், அயலார் கூற்றும் கைப்பேசிச் செய்தியுமே வைத்தியமாகிவிடுகின்றன. பொதுவான ஐயங்களுக்கு 104 என்னும் அரசு எண்ணிற் கேட்கலாம். மார்வலி, மூச்சுத் திணறல் முதலியவற்றிலோ கருத்துத் தேடி அலையக் காலமில்லை. 108-ஐ அழைத்து, அண்மையிலுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே செல்லவேண்டும்.