வைத்தியர் ஏன் நெற்றியைச் சுருக்கச் சொல்கிறார்?

வாய் ஒரு புறமாகக் கோணிக்கொண்டது என்று நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றால், அங்கே வைத்தியர் செய்யும் காரியங்கள் நமக்குச் சற்று வேடிக்கையாகவே தோன்றும். "நெற்றியைச் சுருக்குங்கள்; கண்ணை இறுக மூடுங்கள்; பல்லைக் காட்டுங்கள்; நாக்கை நீட்டுங்கள்" என்று தேகப் பயிற்சி ஆசிரியரைப்போல் உத்தரவிடுகிறார். வீட்டார் கலங்கி நிற்கும் வேளையில் இதென்ன விளையாட்டு என்று கேட்கத் தோன்றும். இது விளையாட்டன்று. மூளையிலிருந்து நேரே புறப்படும் 12 ஜோடி நரம்புகளை அவர் பரீட்சை செய்துகொண்டிருக்கிறார்.

கைகால்களுக்குச் செல்லும் நரம்புகள் முதுகுத் தண்டிலிருந்து பிரிகின்றன. கபால நரம்புகளோ மண்டை ஓட்டின் சிறு துவாரங்கள் வழியாக வெளிவந்து கண், காது, மூக்கு, நாக்கு, முகம் ஆகியவற்றை ஆள்கின்றன. பழைய கிரேக்க வைத்தியரான காலன் இவற்றை 7 ஜோடி என்று எண்ணினார். 12 என்ற இன்றைய கணக்கை 1778ஆம் வருஷத்தில் வகுத்தவர் ஜெர்மானியரான ஸோமரிங்.

வகுப்பில் ஹாஜர் எடுப்பதுபோல் வைத்தியர் ஒவ்வொன்றாக அழைக்கிறார். முதலாவது, மோப்ப நரம்பு. கண்ணை மூடச் செய்து, ஒவ்வொரு நாசியிலும் தனித்தனியே காப்பித் தூளைக் காட்டுகிறார். அம்மோனியா போன்ற காரமான வஸ்து இதற்கு உதவாது. அதன் எரிச்சலை 5ஆவது நரம்பு உணர்ந்துவிடும். வராத பையனுக்காகப் பக்கத்துப் பையன் குரல் கொடுத்த கதையாக முடியும்! இரண்டாவது பார்வைக்குரியது. மூன்று, நான்கு, ஆறு ஆகியவை கண்ணைச் சுழற்றுபவை. நான்காவது பழுதுற்றவருக்கு, மாடிப்படி இறங்குகையில் ஒரு படி இரண்டாகத் தெரியும். ஐந்தாவதற்குப் பஞ்சு நுனியால் நெற்றி, கன்னம், மோவாய் மூன்றையும் தொட்டுப் பார்ப்பார். எட்டாவது கேள்விக்கும் உடலின் சமநிலைக்கும் உரியது. "ஆ" என்று சொல்லச் செய்து அண்ணம் நேராக எழுகிறதா என்று நோக்குவது, விழுங்குதலை நடத்தும் ஒன்பதாவது, பத்தாவது நரம்புகளுக்காக. தோளைத் தூக்கச் சொல்வது பதினொன்றாவதற்கு. பன்னிரண்டாவது தளர்ந்திருந்தால், நீட்டிய நாக்கு தளர்ந்த பக்கமாகவே சாயும்.

நாம் விட்டுவைத்த ஏழாவதுதான் முக நரம்பு. சிரிப்பும் சினமும் முகத்தில் எழுவது இதனாலேதான். ஒரு காலத்தில் முகத்தின் கொடிய வலியைத் தீர்ப்பதற்காக, வலியை உணர்த்தும் ஐந்தாவதை விட்டு இந்த ஏழாவதை வெட்டிய சத்திர வைத்தியர்களும் உண்டு. வலியும் போகவில்லை, முகமும் செயலற்றது. முகத்தை அசைப்பது ஏழாவது, உணர்ச்சியைத் தருவது ஐந்தாவது என்ற பேதத்தைத் தெளிவாக்கும் ஆராய்ச்சிக்கு, 1821இல் லண்டன் ராயல் சொஸைட்டியில் வழிகோலினார் சார்லஸ் பெல். முக நரம்பு காதின் அருகே ஒரு குறுகிய எலும்புக் குகையினூடே செல்கிறது. அங்கே அது வீங்கி நெருக்குண்டால் பாதி முகம் சோர்ந்துவிடும். அந்த முக வாதத்துக்குப் பெல் பெயரே இன்றும் வழங்குகிறது.

இனி நெற்றியின் ரகசியத்தைப் பார்ப்போம். வாயின் ஒரு பக்கத்துக்கு, பெரும்பாலும் மூளையின் எதிர்ப் பாதியிலிருந்து மட்டுமே உத்தரவு வருகிறது. நெற்றிக்கோ இரு பாதிகளிலிருந்தும் வருகிறது. ஆகவே மூளையின் ஒரு பாதியில் ரத்தக் குழாய் அடைபட்டால் வாய் கோணும், நெற்றி சுருங்கும். நரம்பே பழுதானால் நெற்றியும் சுருங்காது, கண்ணும் மூடாது. ஒரு சுருக்கத்தைக் கொண்டு நோயின் இருப்பிடத்தை வைத்தியர் ஊகிப்பது இவ்வாறுதான்.

ஆயினும் இதை வைத்து வீட்டிலேயே தீர்ப்புச் சொல்லுதல் தகாது. மூளையின் அடித்தண்டில் அடைப்பு நேர்ந்தால் நெற்றி உள்பட அரை முகமும் சோரக்கூடும். ரத்தக் கட்டைக் கரைக்கும் மருந்தை, நோய் தொடங்கிய 4½ மணி நேரத்துக்குள் கொடுப்பதே வழக்கம். அதற்கு முன் மூளையில் ரத்தம் கசிந்திருக்கிறதா என்று ஸ்கான் எடுத்துப் பார்த்தாக வேண்டும். பெல் முக வாதத்துக்கும் 3 நாட்களுக்குள் மருந்து தொடங்குதல் நலம். அதுவரை மூடாத கண்ணைத் தூசியினின்றும் வறட்சியினின்றும் காக்க வேண்டும். இவ்வகை நோயாளிகளில் பெரும்பாலோர் சில வாரங்களிலோ மாதங்களிலோ குணமடைகின்றனர்.

நம்மவரில் சிலர், "காற்றுப் பட்டுவிட்டது", "பேய் அறைந்துவிட்டது" என்று வேப்பிலையையும் தாயத்தையும் தேடி ஓடுகிறார்கள். அன்பு மிகுதியால் நோயாளியின் வாயில் காப்பியையோ சோடாவையோ ஊற்றுவாரும் உண்டு. விழுங்கும் நரம்புகளும் தளர்ந்திருந்தால் அது மூச்சுக் குழாயில் இறங்கி உயிருக்கே உலை வைக்கும். தாயத்தை நாளைக்கும் கட்டிக்கொள்ளலாம்; போன மணி நேரம் திரும்பாது. முகம் கோணிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, 108ஐ அழைத்து, உடனே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுவதே அறிவுடைமை. நெற்றியைச் சுருக்கச் சொல்லும் வேலையை அங்குள்ள வைத்தியர் பார்த்துக்கொள்வார்.