இடிக்கும் முன்னே திரையில் பாருங்க... சக்கர நாற்காலி ஓட வீடு ரெடி!

காஞ்சீபுரம்:

பாலாறு, செய்யாறு, வேகவதி கூடும் திருமுக்கூடலில் 11-ம் நூற்றாண்டிலேயே 15 படுக்கையுடன் ஆதுலர்சாலை நடந்ததாக பெருமாள் கோவில் கல்வெட்டு சொல்கிறது. இன்றோ பக்கவாதம் வந்து சக்கர நாற்காலியில் முடங்கிய பெரியவருக்கு சொந்த வீட்டு வாசப்படியே எமன்!

"சிமெண்ட்டை சரிச்சு பூசினா போச்சு" என்பார்கள். அங்கேதான் சிக்கல். 1 அடி உயரத்துக்கு 12 அடி நீள சாய்தளம் வேணும். குறைந்தால் நாற்காலி கவிழலாம். திண்ணையை இடித்த பிறகு "அய்யய்யோ, தெருவுக்கு போயிடுச்சே" என்று கையை பிசைந்து என்ன லாபம்?

இதற்குத்தான் 'ஸ்கெட்ச்அப்' போன்ற முப்பரிமாண சாப்ட்வேர். அளவு கொடுத்து வரைந்தால் வீடு அப்படியே கம்ப்யூட்டரில் நிற்கும். 3 அடி கதவு, நாற்காலி திரும்ப 5 அடி இடம், கழிவறை கைப்பிடி எல்லாம் வைத்துப் பார்க்கலாம். ஆனால் டேப் பிடித்தவர் கோட்டை விட்டால் படமும் கோட்டைதான்! பிரிண்ட் எடுத்து கொத்தனாரிடம் கொடுத்தால் செலவை அவரே சொல்லிவிடுவார்.