கப்பல் பார்க்கப் போறீங்களா?

கொச்சி துறைமுகத்தைக் குடும்பத்தோடு படகில் சுற்றிப் பார்த்தோம். மலை மாதிரி சரக்குக் கப்பல்கள், மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்குகள், சீன வலைகள்! எதிரே தெரியும் வெலிங்டன் தீவின் பெரும்பகுதி, 1920, 30-களில் எஞ்சினீயர் ராபர்ட் பிரிஸ்டோ கப்பல் வர வழியை ஆழப்படுத்தியபோது அள்ளிய மண்ணால் உருவானதாம். பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள்.

ஆனால் படகில் முக்கால்வாசிப் பேர் லைஃப் ஜாக்கெட்டே போடவில்லை. 2023 மே மாதம் அதே கேரளாவில், தானூரில், அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்களே, அதில் எத்தனை குழந்தைகள்!

தோழிகளே, புடவை கசங்கும், புழுங்கும்னு பார்க்காதீங்க. அம்மா போட்டுக்கொண்டால் பிள்ளைகளும் அடம் பிடிக்காமல் போட்டுக்கும். கூட்டம் அதிகமா, ஜாக்கெட் இல்லையா? கூச்சப்படாமல் அடுத்த படகுக்குக் காத்திருங்க.

- ஒரு வாசகி, பொள்ளாச்சி