வரட்சியும் தானியப் பயிரிலையும்

பயிர் தன் வேரால் உறிஞ்சும் நீரில் நூற்றுக்கு 97 பங்குக்கு மேற்பட்டது ஆவியாக வெளியேறிவிடுகின்றது. உடலாக்கத்துக்குப் பயன்படுவது எஞ்சிய சிறு பங்கே. இதனைக் கொண்டு இலையை ஊதாரி எனக் கருதுதல் பொருந்தாது. காபனீரொட்சைட்டு உட்புகும் வாயிலும் நீராவி வெளியேறும் வாயிலும் ஒன்றே. உணவாக்கத்தின்பொருட்டு இலைவாயைத் திறக்கும் பயிர் நீரை இழந்தேயாக வேண்டும். நீரைக் காக்க அதனை மூடும் பயிர் உணவாக்கத்தைக் குறைத்தேயாக வேண்டும். வரட்சியில் தானியப் பயிர்கள் கையாளும் தற்காப்பு முறைகளை இம்முரண்பாட்டின் அடிப்படையிலேயே விளங்கிக்கொள்ளல் வேண்டும்.

நெல், கோதுமை, சோளம், இறுங்கு, குரக்கன் ஆகியன யாவும் புல்லினத்தவை. பிற தாவரங்கள் பலவற்றில் இலைவாயின் இருமருங்குமுள்ள காவற்கலங்கள் அவரைவிதை வடிவின. புல்லினத்திலோ அவை இருமுனையும் பருத்து இடை ஒடுங்கியவை. அடுத்துள்ள துணைக்கலங்களுடன் அவை பொற்றாசியம் அயன்களைப் பரிமாறிக்கொள்வதால் இலைவாய் விரைவாகத் திறந்து மூடுகின்றது. மண் உலரத் தொடங்கியதும் அப்சிசிக்கமிலம் என்னும் ஓமோன் இலையிற் பெருகும். வாடிய கோதுமை இலையில் இது பன்மடங்காகப் பெருகுவதை ரைற், ஹைரன் ஆகியோர் 1969 இல் எடுத்துக்காட்டினர். இதன் தூண்டலாற் காவற்கலங்கள் அயன்களை வெளியேற்ற, நீரும் அவற்றைத் தொடர்ந்து வெளியேறுகின்றது. கலங்களின் வீக்கம் தளர, வாய் மூடிக்கொள்கின்றது.

வாய் மூடிய பின்னரும் மேற்றோலினூடாக நீர் கசியும். இதனைத் தடுப்பது மெழுகுப் படலமாகும். இறுங்கின் தண்டிலும் இலையுறையிலும் வெண்ணீறு பூத்தாற்போற் காணப்படுவது இம்மெழுகே. இப்பூச்சற்ற திரிபினங்கள் கூடுதலான நீரை இழப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன.

மூன்றாவது முறை இலை சுருளுதல். இலையின் மேற்புறத்தில் நரம்புகளுக்கிடையே பருத்த, மென்சுவருடைய கலங்கள் வரிசையாக உள்ளன. நீர் குன்றும்போது இவை சுருங்க, இலை குழல்போற் சுருள்கின்றது. வெயில் படும் பரப்புக் குறைகின்றது. குழலினுள் ஈரக்காற்றுத் தேங்குவதால் ஆவியாதலும் தணிகின்றது. ஆயின், சுருளல் தற்காப்பு மட்டுமன்று. நீர் குன்றியதன் அறிகுறியுமாகும். அயற்பயிர் சுருண்டிருக்க ஒரு நெல்லினம் விரிந்தே நிற்குமாயின், அதன் வேர் ஆழத்து நீரை எட்டியிருத்தலும் கூடும். எனவே இலையை மட்டும் நோக்கி இனங்களைத் தரப்படுத்துதல் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லலாம்.

இத்தற்காப்புகளுக்குப் பயிர் கொடுக்கும் விலை யாது? ஒளித்தொகுப்புக் குன்றுகின்றது. ஆவியுயிர்ப்பு இலைக்குக் குளிர்ச்சியும் தருவதால், அது குறைய இலை வெப்பமடைகின்றது. நெல் பூக்கும் பருவத்தில் வரட்சி நேரின் மணி பிடியாது பதர் மிகும். உயிர் பிழைத்தல் வேறு, விளைதல் வேறு.

பயிர்கள் யாவும் ஒரே விலையைக் கொடுப்பதுமில்லை. 1910களில் அமெரிக்காவின் கொலராடோவில் பிறிக்ஸ், சான்ற்ஸ் ஆகியோர் நடாத்திய ஆய்வில், ஒரு கிலோகிராம் உலர்பொருளை ஆக்க இறுங்குக்கு ஏறத்தாழ 320 கிலோகிராம் நீரும், கோதுமைக்கு 510உம், நெல்லுக்கு 710உம் தேவைப்பட்டன. இவ்வேறுபாட்டின் முக்கிய காரணம் பின்னரே தெளிவாயிற்று. 1966 இல் ஹற்ச், சிலாக் ஆகியோர் கரும்பை ஆராய்ந்து விளக்கிய நாற்காபன் வழியை இறுங்கும் சோளமும் குரக்கனும் பின்பற்றுகின்றன. இவற்றின் இலைவாய் ஒடுங்கியிருப்பினும் போதிய காபனீரொட்சைட்டைக் கவரவல்லது.

நெல்லின் இலைவாய் எண்ணிக்கையை மரபணு மாற்றத்தாற் குறைத்து நீரைச் சேமிக்கலாம் என்பது 2019 இல் வெளியான ஆய்வொன்றாற் புலனாயிற்று. இது வரவேற்கத்தக்கதே. எனினும், வடகீழ்ப் பருவமழையை நம்பி மானாவாரியாக நெல் விதைக்கும் எமது வரண்ட வலய விவசாயிக்கு "வரட்சி தாங்கும் இனம்" என்ற சொல் மட்டும் விடையாகாது. இலை சுருண்டு பயிர் தப்பியது என்பதால் களஞ்சியம் நிரம்பியதாகாது. பூக்கும் பருவத்திற் குளத்து நீர் வயலை அடைவதும், நீர் எட்டாத மேட்டுநிலத்திற் குரக்கனுக்கும் இறுங்குக்கும் உரிய விலை கிடைப்பதும் இலையின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டவை. அவை சமூகம் ஆற்றவேண்டிய கடமைகளாகும்.