நாள் முழுவதும் பெரட்டு எடுக்கலாமா?

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பெரட்டு என்ற சொல்லை விளக்கத் தேவையில்லை. பொழுது புலரும் முன்பே பெரட்டுக்களத்தில் ஆட்கள் கூடிவிடுவார்கள். பெயர் கூப்பிடப்படும். இன்று எந்தக் காடு, எந்த நிரை, யாருக்குப் பழம் வெட்டு, யாருக்கு மருந்தடிப்பு என்று மண்டோர் சொல்வார். அதோடு சரி. ஆள் தன் நிரைக்குப் போய்விட்டால், குலை எண்ணும் நேரம் வரை அவருக்கும் அவர் வேலைக்கும் நடுவே யாரும் வரமாட்டார்கள்.

இன்று நிலைமை வேறு. சபாக், சுங்கை பெசார், தஞ்சோங் காராங், கோலசிலாங்கூர் என்று வட சிலாங்கூர் முழுவதும் தோட்ட அலுவலகமானாலும், ஆலையானாலும், பட்டணத்துக் கம்பெனியானாலும் வேலை உத்தரவு கைப்பேசி வழியாகத்தான் வருகிறது. காலை வணக்கத்தோடு தொடங்கும் வாட்ஸ்அப் குழு, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் ஓய்வதில்லை. அரைமணி நேரத்தில் முடிந்த பெரட்டு இப்போது நாள் முழுவதும் நடக்கிறது. கருவி கையில் இருந்தும் வேலை ஏன் முடிவதில்லை என்று அலுத்துக்கொள்பவர்கள் சிந்திக்க வேண்டிய இடம் இதுதான்.

கணக்கும் கருவியும்

செம்பனைக்கும் இந்த வட்டாரத்துக்கும் உள்ள உறவு நூறாண்டைத் தாண்டியது. இந்நாட்டில் வணிக முறையில் செம்பனை முதன்முதலாகப் பயிரிடப்பட்டது கோலசிலாங்கூர் மாவட்டத்தின் தென்னமரம் தோட்டத்தில்தான். ஆண்டு 1917. பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியே அதைத் தொடங்கினார். பின்னாளில் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி, 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றவரும் இவரே.

செம்பனை வேலை கவனத்தை நம்பிய வேலை. உதிரிப் பழம் தரையில் விழுந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் குலை பழுத்ததை அறிய வேண்டும். காயாக வெட்டினால் எண்ணெய் குறையும். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். தாமதமானால் பழத்தில் அமிலம் ஏறி எண்ணெயின் தரம் கெடும். வெட்டியவரின் எண்ணைக் குலைக் காம்பில் எழுதி வைப்பதும், மண்டோர் எண்ணிக் குறித்துக்கொள்வதும், கிராணி அதைச் செக்ரோலில் ஏற்றுவதும் பழைய வழக்கம். இந்தச் சங்கிலியில் எந்த இடத்தில் கவனம் பிசகினாலும் அடிபடுவது ஒரு தொழிலாளியின் சம்பளம். 37 என்பது 31 ஆகப் பதிவானால், அந்த ஆறு குலைக்கான வியர்வைக்குக் கூலி இல்லை.

இங்குதான் மின்னியல் கருவி உண்மையாகவே கைகொடுக்கிறது. குலைக் கணக்கைக் காட்டிலேயே கைக்கருவியில் பதிந்துவிட்டால், புத்தகத்திலிருந்து தாளுக்கும் தாளிலிருந்து கணினிக்கும் மாற்றி எழுதும் வேலை இல்லை. எழுதும் தடவை குறையக் குறையப் பிழையும் குறையும். சிக்னல் இல்லாத காட்டிலும் பதிந்து வைத்துக்கொண்டு, அலுவலகம் வந்ததும் கணக்கைச் சேர்க்கும் செயலிகள் இருக்கின்றன. மாலையில் கணக்கு எழுதக் குந்தியிருந்த நேரம் மிச்சமாகிறது.

ஆனால், கணக்கு எடுக்கும் அதே கைப்பேசியில்தான் குழுச் செய்தியும் வருகிறது. கல்யாணப் பத்திரிகையும் வருகிறது. சினிமாத் துணுக்கும், விலை மலிவு விளம்பரமும் வருகின்றன. 23ஆவது குலையை எண்ணும்போது ‘டிங்’ என்று ஒரு சத்தம் கேட்டால் போதும், அடுத்த எண் 24ஆ 25ஆ என்ற சந்தேகம் வந்துவிடும். மிச்சம் பிடித்துக் கொடுத்த நேரத்தைக் கருவியே திரும்ப வாங்கிக்கொள்கிறது.

மூளை செய்யும் கணக்கு

இது சோம்பேறித்தனத்தால் வருவது என்று சிலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. ஒரு வேலையை விட்டு மற்றொன்றுக்குத் தாவும்போது, மனத்தின் ஒரு பகுதி முதல் வேலையிலேயே தங்கிவிடுகிறது என்பதை சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். கவனத்தின் எச்சம் என்று அதற்குப் பெயர் வைத்தார். கலிபோர்னியப் பல்கலைக்கழகப் பேராசிரியை குளோரியா மார்க், அலுவலகப் பணியாளர்கள் கணினித் திரையில் ஒரே விஷயத்தை எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று ஆண்டுக்கணக்கில் அளந்து வந்தவர். 2004இல் சராசரி இரண்டரை நிமிடம். அண்மை ஆண்டுகளில் அது ஏறக்குறைய 47 வினாடியாகச் சுருங்கிவிட்டது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டு மணி நேர வேலையில் பத்து நிமிடத்துக்கு ஒரு செய்தி வந்தால் 48 செய்திகள். ஒவ்வொன்றுக்குப் பிறகும் மனம் பழைய இடத்துக்குத் திரும்ப மூன்று நிமிடம் என்று வைத்துக்கொண்டால் 144 நிமிடம். ஏறத்தாழ இரண்டரை மணி நேரம்! அந்த வேலை எங்கே போகும்? வீட்டுக்குத்தான் போகும். பிள்ளையின் பாடநூலைப் பார்க்க வேண்டிய நேரத்தில் அப்பா செக்ரோல் பார்த்துக்கொண்டிருப்பார்.

கருவிக்கும் நேரம் குறியுங்கள்

இதற்காகக் கைப்பேசியைத் தூக்கி வாய்க்காலில் எறிய வேண்டியதில்லை. பெரட்டுக்கு நேரம் இருந்ததுபோல் கருவிக்கும் நேரம் வைத்தால் போதும்.

முதலாவது, குழுவின் வாயை அடைப்பது. வாட்ஸ்அப் குழுவை எட்டு மணி நேரத்துக்கோ, ஒரு வாரத்துக்கோ, எப்போதுமோ ஒலியில்லாமல் வைக்கலாம். செய்தி அழிந்துவிடாது, காத்திருக்கும். காலையில் ஒரு தடவை, சாப்பாட்டு வேளையில் ஒரு தடவை, வேலை முடியும்போது ஒரு தடவை பார்ப்பது என்று குழுவே பேசி முடிவு செய்துகொள்ளலாம். விபத்து, இயந்திரக் கோளாறு போன்ற அவசரத்துக்குச் செய்தி அனுப்பக்கூடாது, நேரே அழைக்க வேண்டும் என்ற ஒரே விதி போதும்.

இரண்டாவது, தொந்தரவு செய்யாதே என்ற வசதி. ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் இது உண்டு. வீட்டார், மேலாளர் என்று குறிப்பிட்ட சிலரின் அழைப்பை மட்டும் ஒலிக்கவிட்டு மற்றதை நிறுத்திவைக்கலாம். எந்தச் செயலியில் எத்தனை மணி நேரம் போனது என்று காட்டும் வசதியும் 2018 முதல் இரண்டிலும் வந்துவிட்டது. வாரம் ஒரு முறை அதைத் திறந்து பார்ப்பது, நிறுவைத் தட்டில் ஏறி நிற்பது போல. பொய் சொல்லாது.

மூன்றாவது, நேரக் கடிகாரம். இத்தாலியரான பிரான்செஸ்கோ சிரில்லோ 1980களின் இறுதியில், மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்துப் படித்தார். 25 நிமிடம் ஒரே வேலை, பிறகு ஐந்து நிமிடம் ஓய்வு. கைப்பேசியில் உள்ள கடிகாரமே இதற்குப் போதும். பணம் கொடுத்துச் செயலி வாங்க வேண்டாம்.

நான்காவது, நாள்காட்டி. நினைவில் வைத்திருக்க முயல்வதே பாதிக் கவனத்தைத் தின்றுவிடும். சம்பளக் காலம் முடிந்து ஏழாவது நாளுக்குள் சம்பளம் போட வேண்டும் என்பது சட்டம். ஊழியர் சேமநிதி, சொக்சோ சந்தாக்களை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும். 2025 அக்டோபர் சம்பளம் முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் சேமநிதி கட்டாயமாகிவிட்டதால், தோட்டத்துக் கிராணிகளின் சுமை கூடியிருக்கிறது. இந்தத் தேதிகளுக்கு மூன்று நாள் முன்னதாக மணியடிக்கும்படி வைத்துவிட்டால், மற்ற நாட்களில் மனம் லேசாக இருக்கும்.

தொழிலாளி மட்டும் மாறினால் போதுமா?

போதாது. மேலாளர் இரவு பத்து மணிக்குக் கேள்வி அனுப்பி, உடனே பதிலை எதிர்பார்த்தால் எந்தச் செயலியாலும் காப்பாற்ற முடியாது. 2023 ஜனவரி 1 முதல் வேலைச் சட்டத் திருத்தத்தின்படி வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைக்கப்பட்டது. தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்குவதானால் இடையில் குறைந்தது அரைமணி நேர ஓய்வு தர வேண்டும். அந்த ஓய்வில் குழுச் செய்திக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தால் அது ஓய்வா? வேலை நேரத்துக்குப் பின் தொடர்பில் இல்லாதிருக்கும் உரிமைச் சட்டத்தைப் பிரான்ஸ் 2017இலும், ஆஸ்திரேலியா 2024 ஆகஸ்டிலும் நடைமுறைக்குக் கொண்டுவந்தன. சட்டம் வரும்வரை காத்திருக்காமல், இரவு எழுதிய செய்தியைக் காலையில் அனுப்பும் பழக்கத்தை ஒரு நல்ல மேலாளர் இன்றைக்கே தொடங்கலாம்.

அதே 2023 திருத்தம், வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றித் தரும்படி தொழிலாளி எழுத்து மூலம் கேட்கவும் வழி செய்திருக்கிறது. முதலாளி 60 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும். கோலாலம்பூருக்கு ஓடாமல் சபாக்கிலிருந்தே வேலை செய்ய நினைக்கும் நம் இளைஞர்களுக்கு இது நல்ல வாய்ப்பு. ஆனால், மேற்பார்வையாளர் கண்ணெதிரில் இல்லாதபோது, தன் வேலைக்குத் தானே மண்டோராக இருக்கத் தெரிய வேண்டும். அந்தப் பழக்கம் இல்லாதவருக்கு வீட்டு வேலை வசதியாக இருக்காது, வம்பாகத்தான் முடியும்.

எனவே, வரும் திங்கட்கிழமை ஒரு சிறு காரியம் செய்யலாம். குழுவில் இருப்பவர்கள் கூடிப் பேசி, செய்தி பார்க்க மூன்று நேரத்தைக் குறித்துக்கொண்டு, ஒரே ஒரு மாதம் நடத்திப் பார்க்கட்டும். மாத முடிவில் செக்ரோலில் திருத்தம் எத்தனை, வீட்டுக்குக் கொண்டுபோன வேலை எத்தனை என்று எண்ணிப் பார்க்கட்டும். பலன் இருக்கிறதா இல்லையா என்பதை அந்த எண்ணிக்கையே சொல்லிவிடும்.