ஆலோசகரை மாற்றும் நேரம்

ஆரணியிலிருந்து கண்ணமங்கலம் வழியாக வேலூர் போகிற பேருந்து, நகருக்குள் நுழையும் முன் பாகாயத்தைக் கடக்கும். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் அங்கேதான் இருக்கிறது. நோயாளியோடு குடும்பத்தாரும் கூடவே தங்கிச் சிகிச்சையில் பங்கெடுக்கும் முறைக்குப் பெயர்பெற்ற இடம் அது. ஆரணிக்கு அருகே முள்ளிப்பட்டில் பட்டுத்தறி நெய்யும் ஒருவர், மனம் சரியில்லை என்று ஆலோசனைக்குப் போக முடிவெடுத்தால், பாகாயம் போனாலும் திருவண்ணாமலை போனாலும் அன்றைக்குத் தறி நிற்கும். சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற வீட்டில், கணவன் போனால் தார் சுற்றும் மனைவிக்கும் வேலை தடைப்படும். அதனால்தான், 'இந்த ஆலோசகர் எனக்குச் சரிப்பட்டு வருவாரா, வேறொருவரைப் பார்க்க வேண்டுமா?' என்ற கேள்வி அந்த வீட்டில் கூலிக் கணக்காகவும் இருக்கிறது. இந்தக் கேள்வியை ஆராய்ச்சியாளர்கள் பல பத்தாண்டுகளாகத் துருவியிருக்கிறார்கள். அவர்கள் கண்டுபிடித்தது வியப்பானது.

முதல் வியப்பு, பேச்சால் மனம் குணமாகிறது என்பதல்ல. எந்த வகைப் பேச்சு என்பது நாம் நினைக்கிற அளவுக்கு முக்கியமில்லை என்பது. 1936-இல் சால் ரோசன்ஸ்வைக் என்ற அமெரிக்க உளவியலாளர், ஒன்றுக்கொன்று முரண்படும் சிகிச்சை முறைகள் ஏறக்குறைய ஒரே பலனைத் தருவதைச் சுட்டிக்காட்டினார். அப்படியானால் குணப்படுத்துவது அவற்றுக்குப் பொதுவான ஏதோ ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். 1979-இல் எட்வர்ட் போர்டின் அந்தப் பொதுவான ஒன்றை மூன்றாகப் பிரித்தார். எதற்காக இந்தச் சிகிச்சை என்பதில் இருவருக்கும் ஒரே எண்ணம். அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்பதில் உடன்பாடு. இருவருக்கும் இடையே நம்பிக்கை. இந்த மூன்றும் சேர்ந்த உறவை அளக்கக் கேள்வித்தாள்கள் வந்தன. 2018-இல் கிறிஸ்டோஃப் ஃப்ளூக்கிகர் குழுவினர் 295 ஆய்வுகளை, 30,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களை, ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். உறவு நன்றாக இருந்த இடங்களில் குணமும் நன்றாக இருந்தது. ஆளுக்கு ஆள் குணமாவதில் காணும் வேறுபாட்டில் சுமார் 8 சதவீதம் இந்த உறவோடு பின்னியிருந்தது. எட்டுதானா என்று தோன்றும். மனித மனத்தைப் பொறுத்தவரை ஒற்றைக் காரணி ஒன்று இவ்வளவு சீராகத் தலைகாட்டுவது அபூர்வம். அதிலும், இது நோயாளியே உட்கார்ந்து எடைபோட்டுப் பார்க்கக்கூடிய காரணி.

இரண்டாவது வியப்பு கொஞ்சம் கலங்கவைப்பது. நோயாளி மோசமாகிக்கொண்டிருப்பதை ஆலோசகர் கவனித்துவிடுவார் என்று நம்புகிறோம். மைக்கேல் லாம்பர்ட்டும் சக ஆய்வாளர்களும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், 550 பேருக்குச் சிகிச்சை தந்துகொண்டிருந்த ஆலோசகர்களிடம், 'உங்களிடம் வருபவர்களில் யார் கடைசியில் மோசமாவார்கள்?' என்று கேட்டார்கள். ஆலோசகர்கள் காட்டியது மூன்றே பேரை. உண்மையில் மோசமானவர்கள் நாற்பது பேர். மூவரில் ஒருவர்தான் அந்த நாற்பதில் இருந்தார்.

இது அக்கறைக் குறைவால் வந்த பிழை என்று நான் நினைக்கவில்லை. ஆலோசகர் நம்மைப் பார்ப்பது வாரத்துக்கு ஒரு மணி நேரம். அந்த நேரத்திலும் நாம் மரியாதைக்காக, 'பரவாயில்லைங்க சார், இப்ப கொஞ்சம் தேவலாம்' என்கிறோம். திருப்தியில்லாதவர் சொல்லாமல் நின்றுவிடுகிறார். அவர் ஏன் வரவில்லை என்பது ஆலோசகருக்குத் தெரியவே தெரியாது. உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்தால், ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் பாதியில் நின்றுவிடுகிறார். லாம்பர்ட் கண்ட வழி எளிமையானது: ஒவ்வொரு முறையும் நோயாளியிடம் ஒரு சிறு கேள்வித்தாளைக் கொடுத்து, நிலைமை தவறான திசையில் போனால் ஆலோசகருக்கு எச்சரிக்கை கொடுப்பது. அப்படி எச்சரித்த இடங்களில் மோசமாகிறவர்களின் எண்ணிக்கை குறைந்தது. சொல்லப்பட்ட அதிருப்தி சிகிச்சைக்கே உதவுகிறது.

எவ்வளவு நாள் பொறுப்பது? கென்னத் ஹோவர்ட் குழுவினர் 1986-இல் 2,400-க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைத் திரட்டிப் பார்த்தபோது, எட்டாவது அமர்வுக்குள் பாதிப் பேருக்கும், 26 அமர்வுகளுக்குள் முக்கால்வாசிப் பேருக்கும் அளந்து சொல்லக்கூடிய முன்னேற்றம் தெரிந்தது. இது சராசரிதான். ஆனாலும் எட்டு முறை போய்வந்தபின் தூக்கம், பசி, வேலை, வீட்டில் பேசுகிற விதம் எதிலும் துளி மாற்றமில்லை என்றால் வாய்விட்டுக் கேட்பதற்கு அது போதுமான காரணம்.

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். சில சிகிச்சைகள் தொடக்கத்தில் வலிக்கத்தான் செய்யும். திரும்பத் திரும்பக் கைகழுவும் நோய்க்கு, அழுக்கைத் தொட்டுவிட்டுக் கழுவாமல் இருக்கப் பழக்குவார்கள். பதற்றம் ஏறிய பிறகே இறங்கும். புதைத்துவைத்த துயரத்தைப் பேசினால் அன்றிரவு தூக்கம் கெடலாம். பேசும் விஷயம் வலிக்கிறதா, அல்லது இவரிடம் பேசுவதே கூசுகிறதா? வீடு திரும்பும் வழியில் இதை நேர்மையாகக் கேட்டுக்கொண்டால் பெரும்பாலும் பதில் கிடைத்துவிடும். முன்னது என்றால் தொடரலாம். பின்னது என்றால் முதலில் அவரிடமே சொல்ல வேண்டும். உளவியலாளர்கள் ஜெரமி சாஃப்ரனும் கிறிஸ்டோஃபர் முரானும் பல ஆண்டுகள் ஆராய்ந்தது இதைத்தான்: உறவில் விரிசல் வருவது சகஜம், அதை இருவரும் பேசிச் சரிசெய்தால் சிகிச்சை பலப்படும். ஆகவே 'நீங்கள் சொல்வது எனக்கு ஒத்துவரவில்லை' என்று சொன்னதும் அவர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதே நம்பகமான சோதனை.

அந்தச் சோதனையில் தோற்ற மிகப் பெரிய பெயர், உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய சிக்மண்ட் ஃபிராய்டுடையது. 1900-ஆம் ஆண்டின் கடைசி நாளில், அவர் 'டோரா' என்று பெயரிட்டு எழுதிய பதினெட்டு வயதுப் பெண், இனி வரமாட்டேன் என்று அவரிடம் சொன்னாள். தந்தையின் நண்பர் தன்னிடம் தவறாக நடந்துகொண்டார் என்று சொன்னவள் அவள். ஃபிராய்டோ அவளுக்கே அந்த மனிதர்மேல் ஆசை என்று விளக்கிக்கொண்டிருந்தார். எப்போது முடிவெடுத்தாய் என்று கேட்டார். இரண்டு வாரத்துக்கு முன் என்றாள். அது வேலைக்காரப் பெண்கள் முன்னறிவிப்புக் கொடுப்பதுபோல இருக்கிறதே என்று அதற்கும் ஒரு பொருள் கண்டுபிடித்தார். எது உனக்குப் பிடிக்கவில்லை என்று அவர் கேட்டிருக்கலாம். 1905-இல் அந்தக் கதையை வெளியிட்டபோது, தான் ஒன்றை உரிய நேரத்தில் கவனிக்கத் தவறிவிட்டதாக எழுதினார். அந்தப் பெண் எழுந்துபோனது சரி என்றே நான் நினைக்கிறேன்.

நம்மூரில் எழுந்துபோவது இன்னும் கடினம். இந்திய மனநல மருத்துவர் ஜே.எஸ். நேகி, 1973-இல் எழுதிய கட்டுரையில், மேலைநாட்டுச் சிகிச்சை உறவைவிடக் குரு–சீடன் உறவு இந்திய மனத்துக்கு நெருக்கமானது என்று வாதிட்டார். அதில் பலம் உண்டு. குருவின் சொல்லை மனதார ஏற்கிறோம். ஆனால் குருவைக் கேள்வி கேட்பது எப்படி? சொந்தபந்தம் நெருங்கி வாழும் தறித்தெருவில் இன்னொரு பயமும் சேர்கிறது: நான் சொன்னது வெளியே போய்விட்டால்? மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 இதற்குப் பதில் வைத்திருக்கிறது. அது 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 23-ஆம் பிரிவு, சட்டம் சொல்லும் சில விலக்குகளைத் தவிர, நோயாளியின் விவரங்களை மருத்துவப் பணியாளர்கள் ரகசியமாகக் காக்க வேண்டும் என்கிறது. 25-ஆம் பிரிவின்படி நம் மருத்துவக் குறிப்புகளைக் கேட்டு வாங்கலாம். அடுத்தவரிடம் கதையை முதலிலிருந்து சொல்லும் சுமை அதனால் குறையும்.

நீங்கள் சொன்னதை உங்களைக் கேட்காமலே வீட்டாரிடமோ முதலாளியிடமோ சொல்லிவிடுபவர், உடலைத் தொட முயல்பவர், சாதியையோ மதத்தையோ வைத்து உங்களைக் குறைசொல்பவர், மருத்துவர் தந்த மாத்திரையைத் தானே நிறுத்தச் சொல்லும் மருத்துவரல்லாத ஆலோசகர்: இவர்களிடம் எட்டு அமர்வு வரை காத்திருக்க வேண்டாம், அன்றே நிறுத்துங்கள். 'கவுன்சலர்' என்று பலகை மாட்டிய எல்லாரும் பயிற்சி பெற்றவர்கள் அல்லர். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்பவரிடம் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு எண்ணைக் கேட்பது அவமரியாதை ஆகாது.

ஒருவர் சரியில்லை என்று நிறுத்துகிறவர்களில் பலர் சிகிச்சையையே விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதை நிறுத்தவே கூடாது. அடுத்து யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் 14416-ஐ அழையுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. இரவு பகல் எந்நேரமும், இலவசமாக, தமிழில் பேசலாம்.